திவசத்துக்குப் பிந்திய பூ

என் அன்பு மச்சாள் ரதிக்கு,

எங்களுக்கு மேலே நீ இருந்த மாடி வீட்டுக்கு வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். அவர்கள் போட்டிருக்கும் திரைச்சீலை உனக்குப் பிடிக்காது. இதைச் சொல்லவா இத்தனை நாள் கழித்து எழுதுகிறாய் என்று கேட்பாய். இல்லையடி. முற்றத்துச் சுவரோரம் புல்லைக் கிளறி நீ காட்டுப்பூ விதை தூவினாயே, அந்தத் துண்டு நிலத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

உன் கடைசிக் கோடையில் அங்கே மெல்லிய இதழுள்ள சிவப்பு மோன் பூ மட்டும்தான் வந்தது. வெள்ளைப் பூப் பூக்கும் மார்கரீத்தே தரையோடு ஒட்டிய இலையாகவே கிடந்தது. அது அடுத்த வருடம்தான் பூக்கும் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு ஒவ்வொரு நாளும் அதைத்தான் விசாரித்தாய். பிறகு ஒருநாள் என்னைக் கிட்டக் கூப்பிட்டுச் சொன்னாய்.

"என்ரை படத்துக்குக் கடைப்பூ போடாதை. நான் விதைச்சது பூக்கும். அதைப் போடு."

நானும் ஓம் என்றேன். அந்த நேரத்தில் பூ எப்போது வரும், திதி எப்போது வரும் என்று யார் யோசித்தது?

இந்த வருடம் ஜேர்மனியில் எங்கள் கெல்சென்கிர்ச்சன் நகரில் குளிர் போக மனமில்லாமல் நின்றது. ஐயரோ பஞ்சாங்கத்தைப் பார்த்து, உன் முதல் வருட ஆட்டைத் திவசம் நாங்கள் நினைத்ததைவிட முந்தி வருகிறது என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோற்றை அடுப்பில் வைத்துவிட்டுக் கீழே ஓடுவேன். இலையைப் பார்ப்பேன். ஏறி வருவேன். கறி அடிப்பிடித்திருக்கும். உன் அண்ணா ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவார், அது இன்னும் எரிச்சல்.

அதோடு விட்டேனா? என் கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஊற்றுகிற மீன் கழுவிய தண்ணீரை வாளியில் கொண்டுபோய் உன் பூக்களுக்கும் ஊற்றினேன். ஒருநாள் இல்லை, மீன் வாங்கிய நாளெல்லாம். மணம் தாங்காமல், கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற ஹவுஸ்மைஸ்டர் வந்து கதவைத் தட்டினார். புல்லோ முழங்கால் அளவுக்கு எழும்பிவிட்டது. அதற்குப் பிறகுதான் உன் அண்ணா வாயைத் திறந்தார்.

"அவள் இதுக்கு ஒருநாளும் பசளை போடேல்லையே. சாப்பாடு கூடினால் புல்லுத்தான் எழும்பும், பூ வராது எண்டவள்."

ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, நீ என்னைக் கேட்டனியோ என்றார். இந்த மனிதனோடு நீ எப்படித்தான் ஒரே வீட்டில் வளர்ந்தாய்?

திவசத்துக்கு மிஞ்சியிருந்த நாட்களில் புல்லைப் பிடுங்கினேன். நடுவில் மார்கரீத்தே மொட்டுகள் தெரிந்தன, பச்சைப் பொத்தான்கள் மாதிரி. திவசத்தன்று விடியப் போய்ப் பார்த்தேன். ஒன்றுகூட விரியவில்லை. நீ விதைத்ததில் விரிந்திருந்தது மோன் பூ மட்டும்தான். அதையாவது போடுவோம் என்று பறித்து மாலை கட்ட உட்கார்ந்தேன். நூல் பட்டவுடன் இதழெல்லாம் மடியில் கொட்டிவிட்டது. கையில் மிஞ்சியது காம்பு. ஐயர் வந்துவிட்டார், சனமும் வரத் தொடங்கிவிட்டது. கடைசியில் உன் அண்ணா கடையில் சொல்லி வைத்திருந்த செவ்வந்தி மாலைதான் உன் கழுத்தில் ஏறியது. படத்தில் நீ சிரித்துக்கொண்டிருந்தாய். கோபமாக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

திவசத்துக்குச் சுட்ட வடையின் வாசம்கூட வீட்டை விட்டுப் போகவில்லை, மார்கரீத்தே பூத்துவிட்டது. வேலைக்குப் போக இறங்கியபோது கண்டேன். நிறைய இல்லை, புல்லுக்குள் தப்பியவை மட்டும். சந்தோஷத்தில் கத்தவேண்டும் போலிருந்தது. அடுத்த நிமிடமே ஆத்திரம். இவ்வளவு நாளும் காக்க வைத்துவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு யாருக்காகப் பூக்கிறாய் என்று அதனிடமே கேட்டுவிட்டேன். நீ இருந்திருந்தால் அது யாருக்காகவும் பூப்பதில்லை என்று சொல்லி என் வாயை அடைத்திருப்பாய்.

பறிக்க மனம் வரவில்லை. மேலே போய்ச் சுவரிலிருந்து உன் படத்தைக் கழற்றினேன். உன் அண்ணா பதறிப்போனார். படத்தைத் தூக்கிக்கொண்டு எங்கே போகிறாய், சனம் பார்த்தால் என்ன நினைக்கும் என்றார்.

"சனத்துக்கில்லை. அவளுக்குக் காட்டப் போறன்."

படத்தை நெஞ்சோடு அணைத்து, உன் முகம் பூக்களைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு நின்றேன். நீ போன நாளிலிருந்து உன்னைப் பார்த்துப் பார்த்தே அழுதிருக்கிறேன். அன்றுதான் உன்னோடு சேர்ந்து நின்று ஒன்றைப் பார்த்தேன். வேலைக்குப் பிந்தித்தான் போனேன். நீ பார்த்தாயா, ரதி?

இனி மீன் தண்ணீர் ஊற்றமாட்டேன். இலையுதிர் காலத்தில் மறுபடி நிலத்தைக் கிளறி விதைப்பேன். அடுத்த திவசத்துக்கும் பூக்காவிட்டால் உன் படம் அன்று வெறுமையாகவே இருக்கட்டும், பேசுகிறவர்கள் பேசட்டும். பூக்கிற அன்று உன்னைக் கீழே கொண்டு வருவேன். முழங்கால் ஏலாமல் போனாலும் கம்பியைப் பிடித்துப் படியால் இறங்குவேன்.

உன் அண்ணாவைக் கட்டி, இப்போது சண்டை பிடிக்க நீ இல்லாமல் தவிக்கும்
மச்சாள் சாந்தி