மதினி, நான் ‘போறேன்’ என்று சொல்லிவிட்டேன்

என் அன்பான மதினிக்கு,

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது. இதை உங்களிடம்தான் முதலில் சொல்லத் தோன்றுகிறது. மூன்று வருஷமாக இந்தச் சாரலுக்கு நீங்கள் இல்லை. உங்கள் தம்பியும் இப்போது என்னோடு வீட்டில் இல்லை. பதறாதீர்கள், உயிரோடு நன்றாகத்தான் இருக்கிறார். குத்துக்கல்வலசைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்திருக்கிறேன்.

சேர்த்தவள் நான்தான். திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள். கம்பம் கம்பமாக ஏறிய லைன்மேன், மறதி முற்றியபின் இரண்டு தடவை மொட்டைமாடிச் சுவரில் ஏறி நின்றார். “லைன் அறுந்து கெடக்கு, பாக்க வேண்டாமா?” என்று என்னிடமே கோபப்பட்டார். பிடித்து இறக்க என் கையில் பலம் இல்லை. பட்டாளத்தில் இருக்கும் மகன் பத்து நாள் லீவில் வந்து ஏற்பாட்டை முடித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினான்.

தினமும் காலையில் அவரைப் பார்க்கப் போகிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் பார்க்க வந்தவர்கள் கிளம்பிவிட வேண்டும் என்பது அங்கே ஒழுங்கு. அதற்குப் பிறகு கிடக்கிற நாள் முழுக்க எனக்கு. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது மதினி? முதல் மாதம் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன். கழுவிய பாத்திரத்தையே திரும்பவும் கழுவினேன்.

ஒருநாள் பஸ் மாறி ஏறி ஐந்தருவிக்குப் போய்விட்டேன். பாருங்கள், உங்களிடமே பொய் சொல்கிறேன். தெரிந்தேதான் ஏறினேன். தண்ணீர் தலையில் விழுந்ததும் ஒரு நிமிஷம் எதுவுமே ஞாபகம் இல்லை. ஈரத்தலையோடு நின்று சூடாக மிளகாய் பஜ்ஜி தின்றேன். மங்குஸ்தான் வாங்கி, ஒரு பழம்கூட மிச்சம் வைக்காமல் பஸ்ஸிலேயே தின்று தீர்த்தேன். சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்லவே வாய் கூசுகிறது.

மறுநாளும் போனேன். பத்து நிமிஷம்கூட நிற்க முடியவில்லை, குளிக்காமல் திரும்பிவிட்டேன். அதற்கடுத்த நாள் மறுபடி போய்க் குளித்தேன். கட்டிய புருஷனை ஓரிடத்தில் விட்டுவிட்டு இப்படித் திரிகிறவளை ஊர் என்ன சொல்லும்? ஊர் கிடக்கட்டும், நீங்கள் என்ன சொல்வீர்கள்?

போன வாரம், அங்கே அவரைப் பார்த்துக்கொள்கிற நர்ஸ் என்னைத் தனியே கூப்பிட்டாள். வாசுதேவநல்லூர்ப் பிள்ளை.

“அம்மா, கிளம்பும்போது அப்பாகிட்ட என்ன சொல்லுதீங்க?”

“வேற என்னத்தச் சொல்லுவேன்? போயிட்டு வாரேன்னுதான்.”

“அதான்மா வினை. நீங்க அங்கிட்டு போனதும் வாசக் கேட்டுப் பக்கத்துல சேரைப் போட்டு உக்காந்துக்கிடுதாரு. சாரல்ல நனைஞ்சாலும் எந்திரிக்க மாட்டுக்காரு. சோறு வச்சா, ‘போயிட்டு வாரேன்னுல்லா சொல்லிருக்கா, வரட்டும், சேந்து சாப்பிடுதோம்’ங்காரு. சாயங்காலம் வரைக்கும் பட்டினிதான். இனிமே நீங்க போறேன்னே சொல்லிருங்கம்மா.”

அவர் கேட்டருகே நனைந்துகொண்டு இருந்த நேரத்தில்தான் நான் அருவியில் நின்றிருக்கிறேன். நாமெல்லாம் வாய்ப்பழக்கமாகச் சொல்லிவிட்டுப் போகிற சொல்லை அவர் ஒருவர் அப்படியே நம்பிவிடுகிறார்.

ஆனால் ‘போறேன்’ என்று எப்படிச் சொல்வேன்? கல்யாணமான புதிதில், அம்மா வீட்டுக்குக் கிளம்பும்போது வாய் தவறிச் சொன்னதற்கு, தெருவிலிருந்து கையைப் பிடித்து என்னை உள்ளே இழுத்து வந்தவர் நீங்கள்தானே! “ஏட்டி, செத்தவுகதான் போவாக. இருக்கவ போயிட்டு வாரேன்னுல்லா சொல்லணும்” என்று உட்காரவைத்து, தண்ணீர் குடிக்கவைத்து, நான் திருத்திச் சொன்ன பிறகுதான் விட்டீர்கள். அதற்குள் பஸ் போய்விட்டது. இப்போது உங்களைப் பற்றிக் கேட்கிறவர்களிடம் நானும் “மதினி போய்ட்டாக” என்றுதான் சொல்கிறேன்.

சொல்லாமல் நழுவிப் பார்த்தேன். அறை அறையாகத் தேடினாராம், அடுத்தவர் கட்டிலுக்கு அடியிலெல்லாம் குனிந்து பார்த்தாராம். கடைக்கு என்று சொல்லிப் பார்த்தேன். “வெரசா வந்துரு” என்று சொல்லிச் சேரைத் தூக்கிக்கொண்டார்.

நேற்று சொல்லிவிட்டேன். சட்டைப் பித்தானைச் சரிசெய்கிற சாக்கில், முகத்தைப் பார்க்காமல், “போறேன்” என்றேன். என் குரலே எனக்குப் பயமாக இருந்தது.

“சரி. குடை வச்சிருக்கியா?” என்றார்.

“இருக்கு.”

“அப்ப போ.”

பஸ் நிறுத்தம் வரை நடந்தேன். பஸ் வந்தது, ஏறவில்லை. திரும்பி வந்து கேட்டுக் கம்பி வழியாக எட்டிப் பார்த்தேன். சேர் காலியாகக் கிடந்தது. உள்ளே அந்த நர்ஸ் பிள்ளை ரசம் ஊற்ற, உங்கள் தம்பி தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாசல் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அவர் சாப்பிட்டதில் என் வயிறு நிறைந்தது. அவர் காத்திருக்கவில்லையே என்று நெஞ்சு எரிந்தது. காத்திருக்காமல் செய்ததும் நான்தான், அதற்காகத் தெருவில் நின்று அழுததும் நான்தான். இது என்ன புத்தி மதினி?

பிறகு அருவிக்குப் போனேனா? போனேன்.

நாளைக்கும் ‘போறேன்’ என்றுதான் சொல்வேன். பழி வந்தால் என் தலையில் வரட்டும், அவர் வேளைக்குச் சாப்பிட வேண்டும். ஆனால் ஒரு சத்தியம் செய்து தருகிறேன். என் கால் நடக்கிறவரை, தினமும் காலையில் அந்தக் கேட்டில் போய் நிற்பேன். வாயால் சொல்லக்கூடாத ‘வாரேன்’ என்பதை நான் வந்துதான் சொல்லவேண்டியிருக்கிறது.

உங்கள் தம்பியின் வீட்டுக்காரி,
செண்பகம்