ஐந்து நூல், ஐந்து நூல், நான்கு நூல்

இன்று காலை ஆஸ்பத்திரியில் உன் பெட்டியின் அடித் தகட்டைக் கழற்றினோம். காறிப்போன தேங்காய் எண்ணெய் வாடை குப்பென்று வந்தது. மதுரையிலிருந்து புது சர்வரை மாட்ட வந்திருந்த இன்ஜினியர் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சார், உள்ள எலி ஏதும் செத்துக் கெடக்கா?" என்று கேட்டாள். எலி இல்லை என்று எனக்குத் தெரியும். அது பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய குற்றாலத்து எண்ணெய். 

உனக்குக் கடிதம் எழுதி எத்தனையோ காலம் ஆகிறது. பாலிடெக்னிக் முடித்து நீ வளைகுடாவுக்குப் போன புதிதில் எழுதியது. பிறகு போன் வந்து நம் இருவர் கையெழுத்தையும் கெடுத்தது. இப்போது போன் எட்டாத இடத்துக்குப் போய்விட்டாய். ஒரு விஷயம் உன்னிடம் சொல்ல வேண்டியிருக்கிறது, அதனால் மறுபடியும் மடல்.

அந்தக் கூத்து உனக்கு நினைவிருக்கும். ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வலைப்பின்னல் வந்த சமயம். சாமான்களை மாட்டிவைக்க ஒரு கேபினெட் வேண்டும், உள்ளூரிலேயே செய்துகொள் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கு அந்த வித்தையில் தெரிந்தது ஒரே ஒரு எண், பத்தொன்பது இஞ்சு. தென்காசி மார்க்கெட்டுக்குப் பின்னால் பீரோ பட்டறை வைத்திருந்த அண்ணாச்சியிடம் போய், அகலம் பத்தொன்பது இஞ்சு என்று கெத்தாகச் சொல்லிவிட்டு வந்தேன். அவரும் உள்ளகலம் பிசகாமல் பத்தொன்பது வைத்து, கேட்காமலே கதவில் ஆளுயரக் கண்ணாடியும் பதித்துக் கொண்டுவந்து இறக்கினார்.

உள்ளே வைத்த சாமான் எதுவும் நிற்கவில்லை. போனில் உன்னிடம் அழாத குறையாகச் சொன்னேன். நீ சிரித்த சிரிப்பில் இங்கே என் காது வலித்தது.

"ஏலே, பத்தொம்பதுங்கது ஒடம்பளவு இல்ல. சாமானுக்கு ரெண்டு பக்கமும் காது இருக்குல்லா, அந்தக் காதோட சேத்துப் பத்தொம்பது. காதுதான் தூண்ல ஒக்காரும். தூணுக்கும் தூணுக்கும் நடுவுல பதினேழே முக்கால் இருந்தாப் போதும். லீவுல வாறேன். அதுவரைக்கும் எதையும் செய்யாத, ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

அந்தப் பீரோ இப்போதும் நர்ஸுகள் அறையில் இருக்கிறது. டியூட்டிக்கு வருகிறவர்கள் அதன் கண்ணாடியைப் பார்த்துத்தான் தலை சீவுகிறார்கள்.

சாரல் தொடங்கி நாலாம் நாள் நீ உன் ஊர் வடகரைக்கு வந்து இறங்கினாய், மறுநாளே தென்காசிக்கு வந்துவிட்டாய். பட்டறைக்கு நாம் நடந்துபோனபோது நீ வேலை பார்த்த கூடத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாய். ஒரு தெரு நீளத்துக்குக் கறுப்புப் பெட்டிகள் வரிசையாக நிற்கும் என்றாய். ஒவ்வொன்றிலும் பத்து நாட்டுச் சாமான். வியாபாரத்தில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத கம்பெனிகள், ஆனால் காது மட்டும் எல்லாவற்றுக்கும் ஒரே ஓட்டையில் வந்து உட்காரும். "எவனும் எவனையும் பாத்தது கெடையாது மாப்ள. ஆனாலும் ஒரு அளவுக்கு ஒத்துக்கிட்டாம்லா" என்றாய். நம் ஊரில் கூடப்பிறந்தவனோடு ஒரு வரப்புக்கு ஒத்துப்போக முடியாமல் கோர்ட்டுக்கு நடக்கிறார்கள் என்று நான் சொன்னேன். நீ சிரிக்கவில்லை. கோயிலில் நின்று பேசுகிறவன் போலக் குரலைத் தாழ்த்தித்தான் அதைப் பற்றிப் பேசினாய்.

பட்டறையில் அண்ணாச்சி உன் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். எல்லாம் மில்லிமீட்டர், புள்ளிக்குப் பின்னால் இரண்டு மூன்று எண்கள். மடித்து உன் சட்டைப் பையிலேயே செருகிவிட்டார். "இந்தப் புள்ளிக் கணக்கெல்லாம் நமக்கு வராது தம்பி. நூல்ல சொல்லும்."

இஞ்சை எட்டாக வகுத்தால் ஒரு நூல். பட்டறையில் அதுதான் பேச்சு. நீ அங்கே கிடந்த தகட்டின் மேல் பென்சிலால் கணக்குப் போட்டாய். போட்டு முடித்ததும் உன் முகத்தைப் பார்த்தேன். முதல் ஓட்டைக்கும் இரண்டாவதுக்கும் ஐந்து நூல். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் ஐந்து நூல். அதிலிருந்து அடுத்ததுக்கு நான்கு நூல். மொத்தம் பதினான்கு. மீதியும் இல்லை, புள்ளியும் இல்லை. எந்தக் காலத்திலோ எந்தத் தேசத்திலோ எவரோ உட்கார்ந்து வகுத்த அளவு, தென்காசிப் பட்டறையின் நூலில் முழுசாக வந்து விழுந்தது. 

"பதினாலு நூலா? இத மொதல்லயே சொல்லப்பிடாதா?" என்றார் அண்ணாச்சி. பிறகு யோசித்து, "மூணு எடத்தையும் சமமாக் குத்திட்டா வேல சுளுவுல்லா, கடைசி மட்டும் ஏன் கொறையுது?" என்று கேட்டார்.

பதினான்கு நூல் உயரத்துக்கு உலகம் 'யூ' என்று பெயர் வைத்திருக்கிறது. நீ அதை வீடு என்பாய். "அண்ணாச்சி, ஒரு சாமானுக்கு ஒரு வீடு, பெரிய சாமானுக்கு ரெண்டு வீடு. இந்த நாலு நூல் வருதுல்லா, அதுக்கு நட்டநடுவுலதான் வரப்பு. அங்கன ஒரு வீடு முடிஞ்சு அடுத்த வீடு தொடங்குது. இருட்டுக்குள்ளகூட வெரலால தடவிக் கண்டுபிடிச்சிரலாம்" என்றாய்.

அண்ணாச்சி பென்சில் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "கெட்டிக்காரன்தான் போட்டிருக்கான்" என்றார். பட்டறைக்காரர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பட்டம் வராது.

இருபத்து நான்கு வீடு, வீட்டுக்கு மூன்று ஓட்டை, நான்கு தூண். எல்லாம் சதுர ஓட்டை, தனி நட்டு வந்து கவ்விக்கொள்வதற்கு. உன் லீவில் பத்து நாள் அதில் போயிற்று. வேலை முடிந்த அன்று குற்றாலத்துக்குப் போய் எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். தேய்த்தவரிடம் மிச்ச எண்ணெயைப் பாட்டிலோடு கேட்டு வாங்கிக்கொண்டாய். திரும்பி வந்ததும் ஒவ்வொரு ஓட்டையின் விளிம்பிலும் விரலால் தடவினாய். பெயிண்ட் வெட்டுப்பட்ட இடத்தில் சாரல் காற்றுக்குத் துரு ஏறும் என்றாய். "எண்ணெய் தேச்ச ஒடம்புல தண்ணி ஒட்டாதுல்லா." இரும்புக்கும் எண்ணெய்க் குளியல் போட்டவன் உலகத்தில் நீ ஒருவனாகத்தான் இருப்பாய்.

சண்டை ஆழத்தில் வந்தது. அன்று எங்களிடம் இருந்த சாமான் எதுவும் ஓரடிக்கு மேல் நீளம் இல்லை. நீ பெட்டியின் ஆழத்தை ஒரு மீட்டர் வைத்துவிட்டாய். மாடிப்படிக்குக் கீழே இருந்த மருந்து அறையில் அது நுழைந்தது, கதவு சாத்தவில்லை. பின்சுவரை ஒரு முழத்துக்கு இடித்தார்கள். நோயாளிகள் தூசியில் இருமினார்கள். பெரிய டாக்டர் எல்லோர் முன்னாலும் என்னை ஏசினார். கண்ணாடி வைத்த பீரோவிலிருந்து ஆரம்பித்து ஏசினார்.

வாசலில் நின்றுகொண்டிருந்த உன்னிடம் வந்து அதைத் திருப்பிக் கொட்டினேன். "ஒனக்கென்னலே, லீவு முடிஞ்சாப் பிளேன் ஏறிருவ. இங்கன ஏச்சு வாங்குதது நான். ஒரு மீட்டர்ல பொட்டி எதுக்கு? ஒன்னைய வச்சு அடக்கவா?"

நீ என்னைப் பார்த்தாய். "வாறவன் நீளமா வருவாம்லே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பைக்கை எடுத்தாய்.

மறுநாள் நீ திருவனந்தபுரத்துக்குக் கார் ஏறினாய். எப்போதும் விமான நிலையம் வரை வருகிறவன் நான், அன்று போகவில்லை. ஏறுவதற்கு முன் காலையில் நீ வந்து அந்த அறையில் ஏதோ முடுக்கிக்கொண்டிருந்ததாக வாட்ச்மேன் சொன்னார். விட்டுப்போன ஸ்பானரை எடுக்க வந்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு பேசினோம். பெருநாளுக்கு, பொங்கலுக்கு, பிள்ளைகள் பரீட்சைக்கு எல்லாம் பேசினோம். அந்த வார்த்தையைப் பற்றி மட்டும் நீயும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. போன வருடம் உன் நெஞ்சு நின்றுபோனது என்று செய்தி வந்தது. அங்கேயே அடக்கம் செய்தார்கள். உன் வீட்டில் போய் உட்கார்ந்து, உன் மனைவி கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, அவளிடமும் சொல்ல முடியாமல் எழுந்து வந்தேன். நான் சொன்ன அந்த ஒரு வார்த்தை, தூக்கம் வராத நாளெல்லாம் என் பக்கத்தில் படுத்துக்கொண்டது.

இன்றைய விஷயத்துக்கு வருகிறேன். ஸ்கேன் படங்களைச் சேமிக்கப் புது சர்வர் வந்திருக்கிறது. அந்தப் பெண் உன் பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். "சார், இது முப்பது இஞ்ச் நீளம். லோக்கல்ல செஞ்ச கேபினெட்ல போகாது சார். ஓட்டையும் சேராது. புதுசா ஆர்டர் போட்ருங்க." பெரிய டாக்டரும் நேற்றே சொல்லிவிட்டார், நுழையவில்லை என்றால் பழைய இரும்புக்குப் போட்டுவிடு என்று. ஒரு தடவை அளந்து பார்த்துவிடம்மா என்று கேட்டேன். என் குரல் எனக்கே கெஞ்சலாகக் கேட்டது.

அவள் டேப்பை வைத்து முன்தூணிலிருந்து பின்தூணுக்கு அளந்தாள். மறுபடியும் அளந்தாள். அடியில் நீ காலியாக விட்டு மூடியிருந்த நான்கு வீட்டின் தகட்டைக் கழற்றினோம். அப்போது வந்ததுதான் அந்த வாடை. தண்டவாளம் போன்ற இரண்டு பட்டைகளைப் பெட்டிக்குள் நீட்டினாள். முன்னால் 'டக்' என்றது. பின்னால் 'டக்' என்றது. எந்த நாட்டிலோ வார்த்த கொக்கி, நீ குத்திய சதுரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. சர்வரைத் தூக்கி வைத்துத் தள்ளினோம். முப்பது இஞ்சும் உள்ளே போயிற்று. பின்னால் ஒயருக்கும் கை விடுவதற்கும் இடம் மிச்சமிருந்தது. சுவரை இடித்துச் சேர்த்த அந்த ஒரு முழத்துக்குள்தான் அந்த இடம்.

"யார் சார் இத செஞ்சது?" என்றாள். என் சிநேகிதன் என்றேன். 

காலி வீட்டின் மூலையில் ஒரு சின்னப் பாட்டில் இருந்ததை அவள்தான் பார்த்தாள். குற்றாலத்து எண்ணெய்ப் பாட்டில். பழுப்பேறிய எண்ணெய்க்குள் எட்டு நட்டு, துருவில்லாமல். நான் ஏசின மறுநாள் காலையில் நீ முடுக்கிக்கொண்டிருந்தது இதற்குத்தான் என்று அப்போதுதான் புரிந்தது. என் வார்த்தையைச் சுமந்துகொண்டு வந்து, வரப்போகிற எவருக்கோ நட்டு எடுத்துவைத்து, தகட்டை மூடிவிட்டுப் பிளேன் ஏறியிருக்கிறாய்.

சர்வரின் காதை முடுக்க அவள் தன் பெட்டியிலிருந்து நட்டு எடுத்தாள். "இத போடும்மா" என்றேன். "புதுசு இருக்கு சார்." "இருக்கட்டும். இத போடு." இரண்டை எடுத்துத் துடைத்து மாட்டினாள். இந்த வருடத்துத் திருகாணி அந்த வருடத்து நட்டுக்குள் விரலாலேயே சுழன்று ஏறியது. நான் அழுதேன். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

நீ சொன்னது சரிலே. வாறவன் நீளமாத்தான் வந்தான். பன்னிரண்டு வருடம் தாமதமாகச் சொல்கிறேன், நான் சொன்னது தப்பு.

இன்னும் இரண்டு வீடு காலி. மத்தியானம் கடையில் நல்ல தேங்காய் எண்ணெய் வாங்கி வந்து, அந்த ஓட்டைகளின் விளிம்பில் விரலால் தடவினேன். ஐந்து நூல், ஐந்து நூல், நான்கு நூல் என்று விரல் தானாகவே எண்ணியது. மிச்ச ஆறு நட்டையும் அதே பாட்டிலில் போட்டு, புது எண்ணெய் ஊற்றி, மூலையில் வைத்துத் தகட்டை மூடினேன். அடுத்து வருகிறவன் யாரென்று எனக்கும் தெரியாது.