மணியம் கேட்ட ஒரு வாரம்

ஜூலை 6, ஞாயிறு

விடியற்காலை தூறல். பிறகு நல்ல வெயில்.

மரவள்ளி மூன்று நிரை காலி. காட்டுப் பன்றிதான், சேற்றில் குளம்புத் தடம் இருந்தது. ஒரு கிழங்கையாவது முழுதாகத் தின்றதா என்றால் இல்லை. தோண்டி, கடித்துத் துப்பி, மிதித்துவிட்டுப் போயிருக்கிறது சனியன். இந்த வருஷத்தில் மூன்றாவது தடவை. அங்கேயே உட்கார்ந்து அழலாம் போல இருந்தது. கொசு விடவில்லை.

ஈப்போ புந்தோங்கில் கிழங்கு பொரிக்கிறவருக்கு வியாழக்கிழமை தருவதாகச் சொல்லியிருந்தேன். எந்த முகத்தோடு போன் போடுவது?

ரப்பர்த் தோட்டத்தை மூடியபோது என் வீட்டுக்காரர் அலைந்து திரிந்து வாங்கிய அரை ஏக்கர் இது. அவர் போய் ஆறு வருஷம். சுற்றியிருந்த பால்மரமெல்லாம் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை ஆகிவிட்டது. பன்றி வருவதும் அந்தச் செம்பனைக்குள்ளிருந்துதான்.

வாங்க: வேலிக் கம்பி, பிரஷர் மாத்திரை, விளக்குத் திரி, ராணிக்கு பிஸ்கட்.

ராணி காலையில் நொண்டிக்கொண்டே வந்தது. தம்பி மணியத்தின் மூன்று வேட்டை நாய்களில் இதுதான் மூத்தது. போன மாதம் பன்றி தொடையைக் கிழித்ததிலிருந்து வேட்டை கிடையாது. மஞ்சள் வைத்துக் கட்டினேன். நான்கு பிஸ்கட். ஐந்தாவதுக்கும் உட்கார்ந்திருந்தது, கொடுத்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

மழை இல்லை, புழுக்கம். கோயில் மண்டபத்தில் பன்றிக் கூட்டம். விசிறி இரண்டில் ஒன்று ஓடவில்லை.

வனவிலங்கு இலாகா அதிகாரி வந்து, பன்றிக்கு விஷ மருந்து வைப்பது சட்டப்படி குற்றம், சுடுகிற ஆட்களைக் கேட்டு எழுதிக் கொடுங்கள் என்று மலாயில் சொன்னார். தேத்தண்ணி குடித்தார். போய்விட்டார்.

கோபாலுக்கு ஒரே கோபம். எனக்குப் பக்கத்து நிலம், வாழை போட்டிருக்கிறான். "எழுதிக் குடுத்து எத்தன மாசம் ஆச்சு? மருந்து வெச்சாதான் தீரும். மத்ததெல்லாம் சும்மா பேச்சுலா."

பின்னாலிருந்து ஒரு பொம்பளை: "என் கோழி அங்கதான் மேயுது. அது செத்தா நீங்க தருவீங்களா?"

மணியம் எழுந்தான். "மருந்து வெச்சா பன்னி மட்டுமா சாவும்? என் நாய்ங்க அந்தக் காட்டுலதான் ஓடுது. ஒரு வாரம் டைம் குடுங்க. நான் புடிச்சுத் தாரேன்."

நான் சும்மா இருந்திருக்கலாம். எழுந்து சொன்னேன்: "நீ புடிச்சுக் கிழிச்சது போதும்டா. மூனு வருஷமா நாய வெச்சு வேடிக்கை காட்டிக்கிட்டு இருக்க. என் கிழங்கெல்லாம் போச்சு."

மண்டபமே சிரித்தது. மணியம் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனான். மருந்துக்குக் கை தூக்கச் சொன்னார்கள், தூக்கினேன். பாதிப் பேர் தூக்கவில்லை. முடிவு ஒன்றும் இல்லை, அடுத்த புதன் திரும்பக் கூட்டம்.

இந்த வாயை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? பத்து வயது இளையவன். அம்மா பால்மரம் வெட்டப் போனபோது இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். சொல்லக் கூடாததைச் சொன்னதும் நானே, அதுவும் ஊர் முன்னால்.

ஜூலை 10, வியாழன்

வெயில். முழங்கால் வலி.

மணியம் இன்றும் வரவில்லை. காலையில் அவன் மோட்டார் சைக்கிள் போனது. எப்போதும் வாசலில் இரண்டு ஹார்ன் அடிப்பான். அடிக்கவில்லை. ராணி மட்டும் வந்தது. அதற்கு எங்கள் சண்டை தெரியாது.

இனி கறியும் வராது போல. அப்பா காலத்திலிருந்து வழக்கம்: பன்றி விழுந்தால் குடல் அங்கேயே நாய்களுக்கு, தொடைக்கறி முதலில் மூத்தவர் வீட்டுக்கு. அப்பா போனபிறகு அது என் வீடு. எந்தச் சண்டையிலும் தவறியதில்லை.

அவன் மனைவி சாந்தி போன் போட்டாள். ஞாயிறு கோலா கங்சாரில் கல்யாணம், இரண்டு பேரும் போகிறார்களாம். "அவரு பேசவே மாட்டேங்கிறாருக்கா. நீங்களாச்சும் ஒரு வார்த்தை பேசுங்களேன்." சரி என்றேன். பேசவில்லை.

சாயங்காலம் கோபால் பேப்பரில் சுற்றி ஒரு புட்டி கொடுத்தான். "அக்கா, யாருகிட்டயும் சொல்லாதீங்க." குளியலறைக்குப் பின்னால் வைத்தேன்.

ஜூலை 12, சனி

நேற்று இரண்டு நிரை போயிற்று. மிச்சம் நான்குதான்.

சாயங்காலம் மருந்தைக் கிழங்கில் தடவி வைத்துவிட்டேன். செம்பனை ஓரத்தில், கடைசி எல்லையில். நாளைக்கு மணியம் கல்யாணத்துக்குப் போகிறான், வேட்டை இல்லை. நாளை மறுநாள் மிச்சத்தை வாரிப் புதைத்துவிடலாம். எல்லாம் யோசித்துத்தான் செய்தேன்.

இரண்டு தடவை குளித்தேன். விளக்கு ஏற்ற மனம் வரவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இருந்தாலும் எழுதுகிறேன்.

காலை ஒன்பது இருக்கும். வாசலில் இரண்டு ஹார்ன். ஓடிப் போய்க் கதவைத் திறந்தேன். மணியம். சட்டையெல்லாம் சேறு, கையில் பிளாஸ்டிக் பை, முகமெல்லாம் சிரிப்பு.

"இந்தாக்கா, தொடைக்கறி. உன் மரவள்ளிய தின்னவன்தான். பல்லுல கிழங்கு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு."

"கல்யாணத்துக்குப் போலையா?"

"சாந்திய பஸ் ஏத்தி அனுப்பிட்டேன். ஒரு வாரம்னு சொன்னேன்ல. இனிமே மருந்து கிருந்துன்னு கெளம்பாத."

கறியை வாங்கிக்கொண்டேன். மஞ்சள் போட்டுக் கழுவுகிறேன், பிரட்டல் வைத்துத் தருகிறேன், சாப்பிட்டுப் போ என்றேன். எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னேன். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. நாய்கள் துரத்திப் பிடித்த பன்றி என்றே மனதில் இருந்தது.

அவன்தான் சொன்னான். "ஓடவே இல்லக்கா. அப்படியே நின்னுச்சு. டைகரும் ஜானியும் சும்மா போய்ப் புடிச்சுதுங்க. இந்த மாதிரி நான் பார்த்ததே இல்ல."

கறி கையிலிருந்து தொட்டிக்குள் விழுந்தது.

"மணியம், குடல் போட்டுட்டியா?"

"அங்கயே போட்டேன். ரெண்டும் தின்னுட்டுத்தான் இருக்கு. ஏன்?"

சொன்னேன். மறைக்கவில்லை, அது ஒன்றுதான் நான் சரியாகச் செய்தது. திட்டுவான் என்று நின்றேன். திட்டவில்லை. "எப்ப வெச்ச?" என்றான். "நேத்து சாயங்காலம்." அவ்வளவுதான், மோட்டாரைக்கூட எடுக்காமல் காட்டுக்குள் ஓடினான்.

நான் போய்ச் சேர்ந்தபோது டைகர் வாய்க்கால் ஓரத்தில் கிடந்தது. முடிந்துவிட்டது. ஜானிக்கு இழுத்துக்கொண்டிருந்தது. மணியம் அதைச் சட்டையில் சுற்றி, கோபாலின் வேனில் ஏற்றி ஈப்போ மிருக ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். பத்து காஜா ஊரைத் தாண்டுவதற்குள் அதுவும் முடிந்துவிட்டது. திரும்பி வந்துவிட்டான்.

ஜூலை 14, திங்கள்

மேகமூட்டம். கறியையும் மிச்சம் மருந்தையும் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தேன். தொட்டியை மூன்று தடவை கழுவினேன்.

மணியம் வீட்டுப் பின்னால் இரண்டு குழி. உதவிக்குப் போனேன். மண்வெட்டியை நான் கேட்டேன், அவன் தரவில்லை. சாந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டே, "போங்கக்கா, அப்புறம் வாங்க" என்றாள்.

வாட்ஸ்அப்பில் கோபால், செத்த பன்றிக் குட்டிகளின் படம் போட்டிருக்கிறான். கட்டைவிரல் தூக்கியவர்கள் நிறைய. நானும் அந்தக் குழுவில்தான் இருக்கிறேன்.

ஜூலை 16, புதன்

மழை, இடி. கூட்டம்.

இன்று எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அதற்குள் யாரோ கேட்டார்கள்: "மணியம், நாய்ங்க எங்க? சத்தமே காணோம்."

மணியம் என்னைப் பார்க்கவில்லை. "பாம்பு கடிச்சிருச்சு" என்றான்.

"ரெண்டையுமா?"

"ரெண்டையும்தான்."

கோபால் தலையைக் குனிந்துகொண்டான். என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க மணியம் அந்தப் பொய்யைச் சொன்னான். அவனைப் பார்த்து ஊரையே நான் சிரிக்க வைத்த அதே மண்டபத்தில்.

பிறகு நான் எழுந்தேன். "பாம்பு இல்ல. நான் வெச்ச மருந்து" என்றேன். கோழிக்காரப் பொம்பளை மட்டும் "ஐயோ அக்கா" என்றாள். திரும்பிப் பார்த்தேன், மணியத்தின் நாற்காலி காலி. நான் சொன்னது அவன் காதில் விழுந்ததா தெரியவில்லை.

மருந்து வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

ஜூலை 18, வெள்ளி

மழை விட்டது. நேற்று ஆடி பிறந்தது. பாயசம் வைக்கவில்லை.

வாங்க: ஒன்றும் இல்லை.

ராணி வந்தது. நான்கு நாளாக வராததால் டின்னைத் திறக்காமலே இருந்தேன். புண் காய்ந்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து முதல் பிஸ்கட்டைக் கொடுத்தேன். வாயில் வாங்கிக்கொண்டது.

ரோட்டில் மணியம் மோட்டாரை நிறுத்தினான். ஹார்ன் இல்லை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"ராணி, அங்க ஒன்னும் திங்காத. வா."

ராணி என்னைப் பார்த்தது, அவனைப் பார்த்தது. பிஸ்கட்டை என் காலடியில் வைத்துவிட்டு நொண்டிக்கொண்டே போனது.