டாக்டர் வெளியே கூப்பிட்டார்

கார்த்திகை 10, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. வீட்டுக்காரர் பனியனை அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் போட்டேன். புகை நாற்றம் என்று கத்தல். மனுஷனிடம் அடிக்கும் நாற்றத்துக்குப் புகை எவ்வளவோ தேவலை.

வாங்க வேண்டியது: சோப்பு, துவரம் பருப்பு, ரிமோட்டுக்கு பேட்டரி (முதலில் இது).

நேற்று ஏழு மணி சீரியலில் டாக்டர் நிலவன் (இனி டா. நி., கை வலிக்கிறது) விடிய விடிய ஆபரேஷன் செய்தார். வெளியே வரும்போது ஒரு முடி கலையவில்லை. பர்வீன் அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர். பக்கத்துச் செருப்புக் கடைக்காரர் வீட்டம்மா. வாணியம்பாடியிலிருந்து மலையேறி ஜமுனாமரத்தூருக்குக் கடை போட வந்தவர்கள். அவள் வீட்டு டிவி கெட்டதிலிருந்து ஏழு மணிக்கு எங்கள் வீட்டில்தான் இருப்பு.

“இன்னா மாதிரி டாக்டரு வசந்தா! கைய வெச்சாலே பாதி நோவு போய்டும் போல கீது.”

கையை வைத்தால் அவளுக்கு என்னென்ன போகும் என்று சொல்ல வந்து, அடக்கிக்கொண்டேன்.

என் வரிசை (யாரிடமும் சொன்னதில்லை):

1. டாக்டர் பூமிநாதன். ஏழரை மணி சீரியலில் கிட்னி திருடுகிறவர். சிரித்துக்கொண்டே ஊசி போடுவார். எனக்கு இவரைத்தான் ரொம்பப் பிடிக்கும்.
2. கொரியா டப்பிங்கில் ஒருத்தன். பெயர் வாயில் நுழையாது. ஆபரேஷனுக்கு முன்னால் கை கழுவிக்கொண்டே அழுவான். அழகன்.
3. டா. நி. கடைசி. ரொம்ப நல்லவர். ரொம்ப நல்லவர்களைப் பார்த்தால் எனக்குக் கொட்டாவி வருகிறது.

வீட்டுக்காரருக்கு டா. நி. என்றால் உயிர். வெளியில் சொல்ல மாட்டார். “பொம்பளைங்க சீரியலு” என்று சொல்லிவிட்டு பேப்பரை விரித்து, அதற்கு மேலே கண்ணை வைத்துப் பார்ப்பார். டாக்டர் வாயைத் திறப்பதற்குள் இவர் தீர்ப்பு சொல்லிவிடுவார். “மூஞ்சிக்கு நேரா சொன்னான்னா பொழச்சுக்குவான். பொண்டாட்டிய தனியா வெளிய கூப்ட்டான்னா முடிஞ்சிச்சு.” இதுவரை தப்பியதில்லை. உர மூட்டை விற்கிற மனுஷனை பர்வீன் அக்கா பெரிய சர்ஜனைப் பார்ப்பது போலப் பார்க்கிறாள்.

செல்வி மகளுக்குக் கல்யாணமாம். செங்கம் பஸ்ஸில் வந்த ஒருத்தி சொன்னாள். செல்வி என் தங்கை. பத்திரிகை வரவில்லை. வந்தாலும் போக மாட்டேன். அம்மா செத்ததை, எடுத்த பிறகு ஆள் விட்டுச் சொன்னவள். அன்றோடு பேச்சை அறுத்துவிட்டேன். நல்லா இருக்கட்டும் மகராசி.

கார்த்திகை 11, புதன்

மழை இல்லை, குளிர். இவருக்கு நெஞ்சு எரிச்சல். கார்த்திகை மாசம் என்றும் பார்க்காமல் நாலு பேர் கறியைத் தனியாகத் தின்றால் எரியாமல் என்ன செய்யும்?

மத்தியானம் “நெஞ்ச புடிக்குதுடி” என்று உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்துப்போயிற்று. போன வாரம் குழம்பில் உப்பு என்று தட்டை வீசிய கை, இன்று என் தோளை விடாமல் பிடித்துக்கொண்டது. பார்க்க இதமாக இருந்தது. பொய் சொல்வானேன்.

நாளை ஒடுகத்தூர். அந்தப் பக்கம்தான் இவர் ஊர், அங்கே இருக்கும் கிளினிக்கில்தான் நம்பிக்கை.

கார்த்திகை 12, வியாழன்

மலை இறங்கும் வரை ஜன்னலுக்கு வெளியே வாந்தி. பின் சீட்டுக்காரன் வாயில் வந்ததையெல்லாம் பேசினான். நான் இவரோடு வந்தவள் இல்லை என்பது போல முன்னால் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

கிளினிக்கில் ஏகக் கூட்டம். டாக்டர் சின்ன வயசு, பெரிய தொப்பை. சட்டையில் சாம்பார். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே இவரை நாக்கை நீட்டச் சொல்கிறார். இசிஜி எடுத்தார்கள். “எல்லாம் நல்லா இருக்குங்க. வெறும் கேஸ். கறி, எண்ணெய் கொறைங்க” என்று மூஞ்சிக்கு நேராகவே சொன்னார். அவ்வளவுதான், இவருக்கு உயிர் வந்துவிட்டது. சட்டையைப் போட்டுக்கொண்டே நர்ஸிடம் அதிகாரம்: “இன்னாம்மா, ஃபேன் கூட போட மாட்டீங்களா?”

அப்போதுதான் டாக்டர், “அம்மா, நீங்க மட்டும் கொஞ்சம் வெளிய வாங்க” என்றார்.

வராந்தா. கதவில் கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இவர். டாக்டர் கிட்டே வந்து குரலை இறக்கினார். “சீட்டுல ஜமுனாமரத்தூர்னு பாத்தேன். மலைத் தேன் கெடைக்குமாம்மா? கலப்படம் இல்லாம. ஸ்டாஃப் முன்னாடி கேட்டா அவங்களும் கேப்பாங்க, அதான்.”

உடனே கிடைக்கும் என்றால் மதிப்பிருக்காது. முகத்தைச் சுளித்தேன், தலையை மெல்ல ஆட்டினேன், “கஷ்டம்தான் சார், பாக்கலாம்” என்றேன். அவரும் வருத்தமாகத் தலையாட்டினார்.

உள்ளே வந்தால் இவர் வாய் திறந்தபடி நிற்கிறார். மேல் பித்தான் போட்ட கை அங்கேயே நிற்கிறது.

“இன்னாடி சொன்னாரு?”

சொல்லத்தான் வாயெடுத்தேன். சத்தியமாக. அதற்குள் அந்த மூஞ்சியைப் பார்த்துவிட்டேன். “ஒண்ணும் இல்லீங்க” என்று வந்தது. முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டேன். சிரிப்பை அடக்கத்தான். தோள் குலுங்கியது. சீரியலில் எத்தனை பெண்டாட்டிகளை இப்படிப் பார்த்திருக்கிறார்!

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்தார். கல்யாணமாகி இதுதான் முதல் தடவை.

கார்த்திகை 13, வெள்ளி

கரண்ட் இல்லை. பனி மூட்டம். தேனுக்குச் சொல்லி வைத்தேன்.

இவர் கடை திறக்கவில்லை. இன்று செய்தவை: தட்டைத் தானே கழுவினார் (சோப்பு இல்லாமல்). உப்பில்லாத கஞ்சியை வாய் பேசாமல் குடித்தார். வேண்டுமென்றேதான் போடவில்லை. “நீ சாப்ட்டியா வசந்தா?” என்றார். என் பெயர் ஞாபகம் இருக்கிறது போல.

பர்வீன் அக்காவிடம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் முகம் மாறிவிட்டது.

“சொல்லிடு வசந்தா. அல்லா மேல பாத்துக்னு கீறாரு.”

“பாக்கட்டும்க்கா. ரெண்டு நாளு எனக்கு லீவு.”

ஏழு மணிக்குக் கரண்ட் வந்தது. டா. நி. இன்று ஒரு பெரியவரிடம், “வெறும் களைப்புதான் ஐயா, நல்லா தூங்குங்க” என்று சிரித்துவிட்டு, வராந்தாவில் போய்ச் சுவரைக் குத்தி அழுதார். இவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் ரிமோட்டைப் பார்த்தேன். எழுந்து உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

கார்த்திகை 14

செய்தி பரவிவிட்டது. யாரிடமோ இவரே சொல்லியிருக்கிறார். எதிர் டீக்கடைக்காரர் வந்தார், சாவு வீட்டுக் குரலில் “முந்தா நேத்து கூட நல்லா தான் பேசினாரு” என்றார். உயிரோடு இருக்கிறவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு! அவர் பெண்டாட்டி ஆரஞ்சு கொண்டு வந்தாள். புளிப்பு.

இவர் படுத்திருக்கும் அழகைப் பார்க்க வேண்டுமே. போர்வை மார்பு வரை, தலை ஒரு பக்கமாக, கை வயிற்றின் மேல். அப்படியே சீரியல் பேஷண்ட். விளம்பரம் வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். விளம்பரம் முடியும் வரை விட்டுவைத்தேன்.

சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம். ஊர் சிரிக்கும், இவர் என்னை மிதிப்பார், பழையபடி ஆகிவிடும். அதற்கு என்ன அவசரம்?

கார்த்திகை 15

கடைத்தெருவில் கூட்டம். கத்தரிக்காய் சொத்தை.

எழுதவே வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

மத்தியானம் கட்டில் ஓரத்தில் என்னை உட்காரச் சொன்னார். “ஒண்ணு சொல்லணும். மனசுல வெச்சிக்னு போனா என் கட்ட வேகாது.” பொம்பளை விவகாரம் என்று நினைத்தேன். ஆசையாகக்கூட இருந்தது, நன்றாகத் திட்டலாமே என்று.

“உங்கம்மா சாவறதுக்கு ரெண்டு நாளு முன்னாடியே செல்வி கடைக்கு போன் பண்ணா. அம்மா அக்காவ பாக்கணும்னு கேக்குது, ஒடனே அனுப்புங்க மாமான்னா. அன்னிக்கு உர லோடு வர்ற நாளு. நீ போய்ட்டா லோடு எறக்கறவனுங்களுக்கு சோறாக்க ஆளு இல்ல. எறக்கிட்டு சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள ஆய்டுச்சு. அப்புறம் எப்டி சொல்றது? செல்விதான் லேட்டா சொன்னான்னு நீயே நெனச்சிக்ன. நானும் அப்டியே வுட்டுட்டேன்.”

சோறாக்க.

எனக்கு அந்த நாள் ஞாபகம் இருக்கிறது. முட்டைக் குழம்பு வைத்தேன். ஒருவன் மறுசோறு கேட்டான், போட்டேன். அம்மா அங்கே என்னைக் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

எழுந்து அடுப்படிக்குப் போனேன். பால் வைத்தேன். பொங்கி வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். அவன் கழுத்தை நெரிக்க வேண்டும் போல இருந்தது. இனி இந்த டைரியில் ‘இவர்’ கிடையாது.

கார்த்திகை 16, திங்கள்

செல்வி நம்பர் அவன் போனிலேயே இருந்தது. இத்தனை வருஷமும்.

பர்வீன் அக்கா வீட்டில் உட்கார்ந்து பேசினேன். அந்தப் பக்கம் குக்கர் விசில்.

“யாரு?”

“நான்தாண்டி, வசந்தா.”

குக்கரை இறக்கி வைக்கும் சத்தம். அப்புறம், “சொல்லு” என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். மூச்சு விடாமல் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“எங்கிட்ட மாமா வேற மாதிரி சொன்னாரு. நான் சாயங்காலம் மறுபடியும் போன் பண்ணேன். ‘அவகிட்ட சொல்லிட்டேன், அவளுக்கு வர இஷ்டமில்ல’ன்னாரு. அம்மாகிட்ட நான் அத சொல்லலக்கா. ஆனா அம்மா பக்கத்துலயே படுத்துக்னு இருந்துச்சு. ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன். நீ பேசுவன்னு, அம்மா கேக்கட்டும்னு போட்டேன். அதுக்கப்புறம் அது உன்ன கேக்கவே இல்ல.”

சாகப் போகிறவன்கூடப் பாதிதான் சொல்லியிருக்கிறான்.

“பொண்ணு கல்யாணம் எப்போடி?”

“ஐப்பசிலயே ஆய்டுச்சு. எங்க வூட்டுக்காரரு உனக்கு பத்திரிகை வெக்கலாம்னாரு. நாந்தான் வேணாம்னுட்டேன்.”

“இப்ப வரட்டா?”

“வேணாம்க்கா. கோவம்லாம் இல்ல. உன்ன பாத்தா இன்னா பேசறதுன்னு தெரியல.” வைத்துவிட்டாள்.

பர்வீன் அக்கா தண்ணீர் கொடுத்தாள். “அழுதுடு” என்றாள். அழுகை வரவில்லை. அவனைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு எவ்வளவு சுகமான சாவு அமைந்திருக்கிறது! பாவத்தை இறக்கி வைத்துவிட்டு, ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டு, ராஜா மாதிரிப் படுத்திருக்கிறான். என் அம்மாவுக்கு அப்படி ஒரு சாவா கிடைத்தது?

அந்தச் சாவை அவனிடமிருந்து பிடுங்கிவிட வேண்டும். உனக்கு ஒன்றும் இல்லை, இன்னும் இருபது வருஷம் இருப்பாய், என்னோடு இருப்பாய், எனக்கு எல்லாம் தெரியும் என்பதைத் தெரிந்துகொண்டே நான் போடும் சோற்றைத் தின்பாய் என்று சொல்ல வேண்டும். சும்மா வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமே என்று அவன் முகம் சுருங்குவதைப் பார்க்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

நாளைக்குச் சொல்கிறேன்.

கார்த்திகை 17, செவ்வாய்

நல்ல வெயில். துணியெல்லாம் காய்ந்துவிட்டது.

சாப்பாடு ஆனதும் சொன்னேன். கோபப்படவில்லை. டாக்டர் பூமிநாதன் ஊசி போடுவது போல, சிரித்துக்கொண்டே.

“உனக்கு ஒண்ணும் இல்லய்யா. வெறும் கேஸ்தான். அந்த டாக்டரு தேன் கேட்டாரு. மலைத் தேன். அதுக்குத்தான் என்ன வெளிய கூப்ட்டாரு. நீ சாவ மாட்ட. கல்லு மாதிரி கீற. செல்விகிட்டயும் பேசிட்டேன்.”

என்னையே பார்த்தான். கண் கலங்கிற்று. காத்திருந்தேன். ராத்திரியெல்லாம் அதற்காகத்தான் தூங்காமல் கிடந்தேன்.

என் கையைப் பிடித்தான். “தெரியும் வசந்தா. நீ இப்டிதான் சொல்லுவன்னு எனக்குத் தெரியும்.”

“அய்ய, நெசமாதான்யா! டாக்டருக்கு போன் போட்டுத் தரேன், நீயே கேளு.”

“அவரும் அதத்தான் சொல்லுவாரு. நல்ல டாக்டரு.” கண்ணைத் துடைத்துக்கொண்டான். “உனக்கு எவ்ளோ பெரிய துரோகம் பண்ணேன். நீ எனக்கு தைரியம் சொல்லிக்னு கீற. தேனாம், டாக்டரு கேட்டாராம்... போதும்மா. என்ன மன்னிச்சிட்ட. எனக்கு இது போதும்.”

“மன்னிக்கலடா!” என்று கத்தினேன். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். “உன்ன மன்னிக்கவே மாட்டேன்டா! நீ சாவ மாட்டடா!”

“அழாத, அழாத” என்று என் தலையைத் தடவினான்.

அப்போதுதான் நான் அழுதுகொண்டிருந்தது எனக்கே தெரிந்தது.

மோர் கேட்டான். கொடுத்தேன். குடித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். இத்தனை வருஷத்தில் அவன் இப்படி நிம்மதியாகத் தூங்கி நான் பார்த்ததே இல்லை.