ருசி பாராத கொடுவா

நோன்பு பதினொன்று, வியாழன் இரவு

படுத்தும் நித்திரை வருதில்ல. சந்தோசம்தான்.

மாம்புரியில என் கூடப்பிறந்த ராத்தா நடத்துற தங்குமிடத்துல சமையல்காரருக்குக் காய்ச்சல். பகல் சாப்பாட்டுக்கு என்னைக் கூப்பிட்டா. வெள்ளைக்காரப் புருசன் பெண்சாதி ரெண்டு பேர் கேட்டது உறைப்பில்லாத மீன். ஓவன்ல சுட்டு, மேல வெள்ளை சோஸ் ஊத்தோணும். ராத்தா போனைப் பாத்து செய்முறையை வாசிச்சா. கொடுவா, கிரீம், மல்லித்தழை, தேசிக்காய். அடுப்புல வச்சே தேசிக்காய் பிழிஞ்சா கிரீம் திரைஞ்சிடும் எண்டு தேங்காய்ப்பால் சொதி வச்ச கைக்குத் தெரியும். இறக்கிட்டுத்தான் பிழிஞ்சேன்.

ஆனா உப்பு? நானும் நோன்பு, ராத்தாவும் நோன்பு. நாக்குல வச்சுப் பாக்கக் குசினியில ஆளில்ல.

"மணத்தப் பாத்துச் சொல்லு" எண்டா ராத்தா.

"மணத்துல உப்புத் தெரியுமா?"

பிளேட் போன பிறகு கதவுக்குப் பின்னால நிண்டு பாத்தேன். அந்த மனுசி பாண் துண்டால வழிச்சு வழிச்சுச் சாப்பிட்டா. சட்டியில இருந்த மிச்ச சோஸையும் கேட்டு வாங்கினா. நாளைக்கும் அதே மீன் வேணுமாம், கூட்டாளிமார் ஆறு பேருக்கும் சேர்த்து.

நோன்பு துறந்ததுல இருந்து வீட்டுல என் புருசன் கேட்டுக்கொண்டே இருக்கிறார்: "அப்படி என்ன ருசி அது?"

நான் எங்க கண்டேன். நாளைக்கும் நோன்புதான்.