நான் எழுதிய முப்பத்தொன்று

அன்பு மகள் பானுப்பிரியாவுக்கு, சிவகாசியிலிருந்து அப்பா சங்கையா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்த ஜெர்மனிக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மன் துணை. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, தைலம் தேய்த்துக்கொண்டு படி ஏறிவிடுகிறாள். கம்பெனிகளில் தீபாவளி ஆர்டர் வர ஆரம்பித்துவிட்டது. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு மழை பெய்ததாம், நம் பக்கம் ஒரு பொட்டுத் தூறல் இல்லை. தினமும் போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதுதான் காரணம்.

அடுத்த மாதம் பதினாலாம் தேதி பெரிய இன்ஜினியர்கள் முன்னால் நம் அடுக்குமாடி வீட்டைத் திரையில் காட்டிப் பேசப்போகிறேன், அப்பா தினமும் எழுதி அனுப்பின சூட்டுக் கணக்குதான் ஆதாரம் என்று போன வாரம் சொன்னாய். அந்தக் கணக்கு பொய் பானு. நானாக இட்டுக்கட்டி எழுதியது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

பதினாறு பட்டாசுத் தொழிலாளிக் குடும்பங்கள் சேர்ந்து வாங்கின அந்தப் பாறைச் சரிவை மண்ணடித்து மட்டப்படுத்த வேண்டாம், சரிவுதான் நமக்கு நல்லது என்று சொல்லி, படி இறங்குகிற மாதிரி நான்கு தட்டாக நீ படம் போட்டாய். கீழ்த்தட்டுக்கு அடியில் வெறும் தூண்கள்தான் இருக்க வேண்டும், சரிவில் ஏறி வருகிற காற்று அந்த இடைவெளியில் நுழைந்து, நடுவில் கூரை வரைக்கும் திறந்து விட்ட கூண்டு வழியாக எல்லா வீட்டுச் சூட்டையும் மேலே இழுத்துக்கொண்டு போய்விடும், ஏசியே தேவைப்படாது என்றாய். அந்த இடைவெளியைத்தான் நான் செங்கல் வைத்து அடைத்துவிட்டேன். முப்பத்திரண்டு வருஷம் போர்மேனாக இருந்தவன் நான். வீட்டுக்கு அடியில் காலி இடம் கிடந்தால், சீசன் நெருக்கடியில் யாராவது இரண்டு பெட்டி பட்டாசுச் சரக்கைக் கொண்டுவந்து இறக்குவான், மேலே இத்தனை பிள்ளைகள் படுத்திருக்கும் என்றுதான் என் புத்தி போகும். உன் அம்மா அன்றைக்கே சொன்னாள், "கம்பி வலை அடிச்சாப் பத்தாதா, பிள்ளகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்க" என்று. நான் கேட்கவில்லை. தீயைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். பயத்தில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் பாதி திமிர்தான். பால் காய்ச்சின அன்றைக்கு நீ வீடியோ போனில் வந்து, எங்கப்பா கூடவே நின்று பார்த்ததால் பிளானில் ஒரு அங்குலம் மாறவில்லை என்று எல்லாரும் கேட்கச் சொன்னாய். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் சேர்ந்து தட்டினேன்.

அப்புறம் நீ இரண்டு வெப்பமானி அனுப்பினாய், வீட்டுக்கு வெளியே ஒன்று, உள்ளே ஒன்று, மூன்று மணிக்குப் பார்த்து எழுதச் சொல்லி. முதல் நாள் வெளியே முப்பத்தொன்பது, உள்ளே முப்பத்தேழு. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு உள்ளே முப்பத்தொன்று என்று எழுதினேன். பிறகு பார்ப்பதுகூட இல்லை, சனிக்கிழமை உட்கார்ந்தால் ஒரு வாரத்துக்கும் சேர்த்து எழுதிவிடுவேன். நான் வேலை பார்த்த கம்பெனியில் ஆய்வுக்கு வருகிறார்கள் என்றதும் பதிவேட்டை இப்படித்தான் ஒரே மூச்சில் நிரப்புவோம், பேனாவைக்கூட மாற்றி மாற்றி. பழகின கை. அப்படி எழுதியும் அங்கே யாருக்கும் ஒன்றும் ஆகாமல் போனது அதிர்ஷ்டம், என் கெட்டிக்காரத்தனம் இல்லை. இங்கே எட்டு வீட்டில் ஏசி மாட்டிவிட்டார்கள். வீடியோவில் பேசும்போது அது உன் கண்ணில் படக்கூடாது என்று தண்ணீர்த் தொட்டிப் பக்கமாகவே போனைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. கீழ்த்தட்டில் இருக்கிற சண்முகத்தாய், பெட்டி ஒட்டுகிற பொம்பளை, அவள் கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு, ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே, "படிச்ச பிள்ள பிளான் போட்டு எங்கள அடுப்புக்குள்ள குடிவச்சிருச்சு" என்பாள். எல்லாரும் ஆமாம் போடுவார்கள். நானும் அங்கனதான் உட்கார்ந்திருப்பேன். ஒரு வருஷமாக உன்னைத் திட்டும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன் பானு, ஒரு நாள்கூட, அது அவள் செய்தது இல்லை, நான் செய்தது என்று சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நம் பதினாறு வீட்டுச் சங்கக் கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டேன். சங்கத் தலைவர் மாரிக்கண்ணன்தான், "ஏண்ணே, இம்புட்டு நாளும் அந்தப் பிள்ளையத்தான வைஞ்சோம், நீங்களும் கேட்டுக்கிட்டுத்தான இருந்தீக" என்றான். அதட்டிக்கூடச் சொல்லவில்லை. அதட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சுவரை உடனே இடிப்போம் என்றார்கள். உன்னைக் கேட்காமல் ஒரு கல்லைக்கூடத் தொடக்கூடாது என்று நான்தான் தடுத்தேன்.

ஆகவே பதினாலாம் தேதி அந்தக் கணக்கைக் காட்டிவிடாதே. ஏன் இல்லை என்று யாராவது கேட்டால் என் அப்பா பொய் எழுதிவிட்டார் என்றே சொல், என் பெயரையும் சொல். அங்கே உன் தலை குனியக்கூடாது. நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் நான் கேட்டதாகச் சொல். நீங்கள் இருவரும் எல்லா வளமும் பெற்று நீடூழி வாழ வேண்டும். கோபம் வந்தால் அடக்கிக்கொள்ளாதே, போன் பண்ணித் திட்டு, எடுப்பேன். சுவரை எவ்வளவு திறக்க வேண்டும், வலை எப்படி அடிக்க வேண்டும் என்று படம் போட்டு மாரிக்கண்ணனுக்கு அனுப்பு, எனக்கு அனுப்ப வேண்டாம். வெப்பமானிகளைச் சண்முகத்தாயிடம் கொடுத்துவிட்டேன். இனிமேல் அவள்தான் பார்த்து எழுதுவாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
சங்கையா