பங்கு போட்ட வார்த்தை

மழை மாதம் 3, செவ்வாய்

டிராமின் பிரேக் மறுபடியும் கீச்சிடுகிறது. டிப்போவில் சொன்னால், எண்ணெய் விட்டாச்சே என்று என்னையே முறைக்கிறார்கள். நாள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். போதாக்குறைக்குக் கண்டக்டர். வண்டி துறைமுகம் போகுமா என்று ஒரு மனித அம்மாள் கேட்டாள். முகப்பில் கொட்டை எழுத்தில் ‘துறைமுகம்’ என்று எழுதியிருக்கிற வண்டிக்குள் நின்றுகொண்டு இவன் “பார்க்கலாம்” என்கிறான். அந்த அம்மாள் இறங்கியே போய்விட்டாள்.

டிப்போவில் அவனுக்குப் பெயரே பார்க்கலாம்தான். அவனை மட்டும் சொல்லி என்ன? கூர்செவியர் நாங்கள் எல்லோருமே அப்படித்தான், அவன் ஒரு படி அதிகம். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் சம்மதமா என்று கேட்டால் பெண்ணும் பையனும் ‘பார்க்கலாம்’ என்றுதான் சொல்வார்கள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்துவிடுவோம். மனிதர்களுக்கு இதைப் பார்த்தால் சிரிப்பு வரும். அவர்கள் வார்த்தை காற்றோடு போய்விடும். எங்களுடையது அப்படியில்லை.

சந்தை நிறுத்தத்தில் சித்திக்கு மணி அடித்தேன். எவனோ அவள்மேல் சைக்கிளைச் சாய்த்துப் பூட்டியிருந்தான். ‘அவர் வர்ற வரைக்கும் இங்கேயே நிக்கறேன்’ என்று சொன்னவள். அவர் வழியிலேயே இறந்துவிட்டார். சொன்ன வார்த்தை நிறைவேறாமல் போக, சித்தி மரமாகிவிட்டாள். இப்போது நல்ல உயரம். நிழலுக்குக் குறைவில்லை.

மழை மாதம் 5, வியாழன்

அக்கா வாயை விட்டுவிட்டாள்.

மழை மாதம் 6, வெள்ளி

நேற்று அதற்குமேல் எழுத முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்து நடக்கத் தோன்றுகிறது, நடந்தால் எதற்கு நடக்கிறேன் என்று இருக்கிறது. இப்போது ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். ஆஸ்பத்திரி ஜன்னலுக்குக் கண்ணாடி போட வந்த மனிதர் ஏணியிலிருந்து விழுந்தார். தலையில் அடி. உடனே ஆபரேஷன் என்றார்கள். அக்காதான் நர்ஸ். அந்த ஆள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் கண்ணு முழிக்கும்போது நீங்க இருப்பீங்களா?” என்று கேட்டிருக்கிறார். முந்நூறு வருஷமாக நர்ஸ் வேலை பார்ப்பவள். எத்தனை பேர் இதே கேள்வியைக் கேட்டிருப்பார்கள்! எல்லோருக்கும் பார்க்கலாம் பார்க்கலாம் என்று சொல்லித் தட்டிக்கொடுத்தவளுக்கு நேற்று என்ன வந்தது?

“இருப்பேன். நீங்க கண்ணு முழிக்கற வரைக்கும் உங்க பக்கத்துல இருந்து நகர மாட்டேன்” என்று சொல்லிவிட்டாள்.

ஆபரேஷன் முடிந்து வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். கட்டில் கூடவே வந்தாள், நாற்காலியில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான். கால் இரண்டும் தரையோடு பிடித்துக்கொண்டன. அவர் கண் விழிக்கவில்லை.

“ஏன்டி சொன்னே?” என்று கேட்டேன்.

“அவர் கை நடுங்கிச்சு” என்றாள்.

மழை மாதம் 9, திங்கள்

டாக்டரைப் படிக்கட்டில் மடக்கிக் கேட்டேன். மனிதர் மென்று விழுங்கினார். விழிக்கலாம், விழிக்காமலும் போகலாம். இரண்டாவதுதான் அதிகம் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

விழிக்காமல் அவர் போய்விட்டால் அக்கா மரம். மூன்றாம் வார்டில், ஏழாம் கட்டிலுக்குப் பக்கத்தில். கூரையை என்ன செய்வார்கள்? இப்படியெல்லாம் யோசிக்கிற என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மழை மாதம் 10, செவ்வாய்

கண்ணாடிக்காரரின் மனைவி தினமும் வருகிறாள். அக்காவுக்கும் சேர்த்துச் சாப்பாடு கொண்டுவருகிறாள். என்னைப் பார்த்தால் தலை குனிந்துகொள்கிறாள். இன்று தாழ்வாரத்தில் பிடித்துக்கொண்டு, “அவர் பயத்துல கேட்டதுங்க. உங்க ஆளுங்ககிட்ட அப்படிக் கேக்கக் கூடாதுன்னு அவருக்குத் தெரியாது” என்று அழுதாள். ஏதாவது நல்லதாகச் சொல்லியிருக்கலாம். “சரி சரி” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அவள்மேல் எனக்குக் கோபம். அவள்மேல் எதற்குக் கோபம்?

மழை மாதம் 12, வியாழன்

நான்கு முறை சிக்னலைத் தாண்டி நிறுத்தினேன். டிப்போ மேனேஜர் லீவு போடு என்றார். லீவு போட்டு என்ன செய்வது, சுவரைப் பார்ப்பதா? என்னால் ஒரு டம்ளர் டீ குடித்து முடிக்கிற வரைக்கும் ஓர் இடத்தில் உட்கார முடியாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அக்கா என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்துத் தலை வாருவாள்.

போகப்போகிறேன். எங்கள் வார்த்தைகளுக்குக் காவலான சொல்காத்தாரிடமே போய்க் கேட்கப்போகிறேன். என்ன செய்துவிடுவார்?

மழை மாதம் 14, சனி

போய்விட்டு வந்தேன்.

ஆதியர் மூவரில் இருவரை யாரும் பார்க்க முடியாது. ஒளி மூட்டியவள் மேலே, நீர் அளந்தவர் கீழே. உலகத்தை உண்டாக்கும்போது ஆளுக்கொரு வார்த்தை சொன்னார்கள். அந்த வார்த்தையை விட்டு இன்று வரை நகரவில்லை. அதனால்தான் விடிகிறது, அலை திரும்பி வருகிறது. அவர்கள் பேசி முடித்தபின் மிச்சமிருந்த மூச்சில் உண்டானவர்கள் நாங்கள். மூன்றாமவர் சொல்காத்தார் மட்டும் ஊரிலேயே இருக்கிறார். டிராம் பாதை முடிகிற இடத்தில், ஓட்டு வீடு. கதவு திறந்தே கிடந்தது. உள்ளே அவர் ஒரு பிரம்பு நாற்காலிக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். வாசலில் பறந்துகொண்டிருந்த புறா பறந்தபடியே அந்தரத்தில் நின்றுவிட்டது. என் நெஞ்சும் நின்றுவிட்டது என்றுதான் நினைத்தேன்.

ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? “ஐயா, எங்க அக்காவை விட்டுடுங்க. நல்ல மனசுல சொன்னதுக்கா இந்தத் தண்டனை?” என்றேன்.

“நான் யாரையும் பிடிச்சு வைக்கலைம்மா. சொன்னதைக் கேட்டுக்கறேன். நான் கேக்கறதை விட்டுட்டா நாளைக்கு விடியாது.”

“அப்ப வழியே இல்லையா?”

பிரம்பை ஓர் இழுப்பு இழுத்து முடிச்சுப் போட்டார். “ஒரு வார்த்தையை ஒருத்தர்தான் சுமக்கணும்னு நான் எப்பவும் சொன்னதில்லை. நீங்கதான் அடுத்தவங்க வார்த்தையைத் தொட்டா அவமானம்னு வெச்சிருக்கீங்க. சொன்னவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு நீயும் அதையே சொன்னா, அதுல பாதி உன்னோடது. பத்துப் பேர் சொன்னா பத்துல ஒண்ணு. நல்லா கேட்டுக்க. அந்த மனுஷன் முழிக்காம போயிட்டா, மரமும் அதே கணக்குலதான்.”

வெளியே வந்தேன். புறா மறுபடி பறந்தது.

மழை மாதம் 15, ஞாயிறு

அக்காவிடம் சொன்னேன். பெரிய சண்டை. அடுத்தவர் வார்த்தையைத் தொடுவது எங்களில் மிகப்பெரிய அவமதிப்பு. உன்னால் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சமம்.

“நான் சொன்னது. நானே பாத்துக்கறேன். நீ வண்டி ஓட்டப் போ.”

“மரமாயிட்டா எதைப் பாத்துப்பே? யார் சைக்கிள் பூட்டறாங்கன்னா?”

“வாயை மூடு.”

“மூட மாட்டேன்.” அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உதறினாள், விடவில்லை. “இவர் கண்ணு முழிக்கற வரைக்கும் இவர் பக்கத்துல இருந்து நகர மாட்டேன்” என்று சொல்லி முடித்தேன். முழங்காலுக்குக் கீழே யாரோ ஈர மணலைக் கொட்டினதுபோல் கனத்தது.

அக்கா என்னை அறைந்தாள். பிறகு கட்டிக்கொண்டு அழுதாள். ஜன்னல் வரை நடந்து போய்த் தெருவைப் பார்த்தாள். பத்து நாளாக நாற்காலியை விட்டு எழாதவள். அங்கே போய் நின்ற பிறகுதான் தான் நடந்திருக்கிறோம் என்பதே அவளுக்குத் தெரிந்தது.

மழை மாதம் 18, புதன்

இருவராலும் வார்டுக் கதவு வரை போக முடிகிறது. அதைத் தாண்டினால் கால் வர மாட்டேன் என்கிறது.

பைத்தியம் பிடித்துவிடும்போல இருக்கிறது. கதவு, ஜன்னல், கதவு, ஜன்னல். எட்டாம் கட்டில் கிழவர், “அம்மா, உங்களைப் பாத்தாலே எனக்குத் தலை சுத்துது” என்றார். மருந்து அலமாரியைத் துடைத்து அடுக்கினேன். தலைமை நர்ஸ் வந்து எல்லாவற்றையும் மாற்றி அடுக்கிவிட்டு என்னைத் திட்டினாள். அக்கா எப்படி அப்படியே உட்கார்ந்திருந்தாள்? அந்த ஆள் மூச்சு விடுவதை இன்று முதல்முறையாக உட்கார்ந்து கவனித்தேன். சிறிய மூச்சு. விரல் நுனிகளில் பழைய வெட்டுக் காயங்கள், எல்லாம் கண்ணாடி கிழித்தவை.

மழை மாதம் 20, வெள்ளி

பார்க்கலாம் வந்தான். யூனிஃபாரத்தோடு, டிக்கெட் பையோடு. என் இடத்துக்குப் போட்டிருக்கிற டிரைவர் சரியில்லை, பிரேக் அப்படியேதான் இருக்கிறது என்று ஏதேதோ சொன்னான். பையைக் கழற்றினான், மாட்டினான், மறுபடி கழற்றினான். பிறகு அக்கா கையைப் பிடித்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொன்னான். ஒரு வார்த்தை விடாமல், கடைசி வரைக்கும்.

என்னால் நம்ப முடியவில்லை. “உனக்கென்ன தலையெழுத்து?” என்றேன்.

“வாழ்க்கையில ஒரு தடவையாவது ஏதாவது சொல்லணும் இல்ல?” என்றான். முகம் வெளுத்திருந்தது.

பிறகு எங்கள் காலை அவிழ்த்துவிட்டதுபோல ஆயிற்று. தோட்டம் வரை போனேன். மழையில் நனைந்தேன்.

மழை மாதம் 24, செவ்வாய்

வார்த்தையைப் பங்கு போட எங்கள் ஆட்கள் வருகிறார்கள். சலவைக் கூடத்திலிருந்து நான்கு பெண்கள். டிப்போவிலிருந்து ஐந்து பேர். எண்பது வருஷமாக அக்காவோடு முகம் கொடுத்துப் பேசாத மருந்துக்கடைக்காரி கூட வந்தாள். வார்த்தையைச் சொன்னாள், வேறு ஒன்றும் பேசாமல் போனாள். வருகிறவர்களிடமெல்லாம் அக்கா, “யோசிச்சுப் பாருங்க, இவர் நிலைமை நல்லா இல்ல” என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. இத்தனை காலம் பார்க்கலாம் என்று சொல்லிச் சொல்லி எல்லோருக்கும் வாய் அலுத்திருக்குமோ?

கண்ணாடிக்காரரின் மனைவியும் வரிசையில் நின்றாள். அவள் முறை வந்ததும், “என் வார்த்தை ஒட்டாதுன்னு தெரியும். இருந்தாலும் சொல்லிக்கறேன்” என்றாள். சொன்னாள். அன்றைக்கு அவளிடம் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது. என் டம்ளர் டீயை அவளிடம் கொடுத்தேன்.

மழை மாதம் 27, வெள்ளி

வண்டி ஓட்டினேன். ஊர் முழுக்கப் போக முடிகிறது. அக்கா வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தாள். எத்தனை பேர் சொன்னார்கள் என்று இனிமேல் எண்ணுவதில்லை, வாசலில் இன்னும் ஆட்கள் நிற்கிறார்கள்.

மழை மாதம் 29, ஞாயிறு

கண்ணாடிக்காரருக்குக் காய்ச்சல். டாக்டர் அக்காவிடம் தனியாகப் பேசினார். என்ன என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

மழை மாதம் 30, திங்கள்

காலையில் போய்விட்டார். கண்ணைத் திறக்கவே இல்லை. அக்கா ஒரு கையைப் பிடித்திருந்தாள், மனைவி மறு கையை.

நாங்கள் எல்லோரும் வார்டிலும் தாழ்வாரத்திலும் படிகளிலும் நின்றோம். சித்தி எப்படி மாறினாள் என்று பார்த்தவர்கள் எங்களில் சிலர் உண்டு. பார்க்கலாம் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தான். வலது பாதத்தில் சுருக்கென்று ஏதோ குத்தியது. செருப்பைக் கழற்றிப் பார்த்தேன். சுண்டுவிரல் நகத்திலிருந்து மரப்பட்டை பிடித்துக்கொண்டு வந்தது. வந்து, விரலின் அடியில் நின்றுவிட்டது.

அவ்வளவுதான். எல்லோருக்கும் அவ்வளவேதான், அக்காவுக்கும்.

நான் ஓவென்று அழுதேன். அக்கா பிழைத்ததற்கா, அவர் போனதற்கா, தெரியவில்லை. அவர் குரலை நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

பனி மாதம் 2, புதன்

அடக்கம். ஊரில் பாதி வந்தது.

பனி மாதம் 19, சனி

பிரேக்கை ஒருவழியாக மாற்றிவிட்டார்கள். மூன்று மாதம் கத்தின பிறகு.

கண்ணாடிக்காரரின் மனைவி இன்று சந்தையில் ஏறினாள். கையில் பை, முகம் ஒடுங்கிப்போயிருந்தது. வண்டியில் கூட்டம். அவளைப் பார்த்ததும் இடம் கொடுக்க நாலைந்து பேர் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். கட்டைத் தரையில் மரமான விரல்கள் பட்டுத் தொக், தொக், தொக் என்று சத்தம் கேட்டது. டிக்கெட் கொடுக்க அவளிடம் போன பார்க்கலாமின் காலிலும் அதே தொக்.

அவள் திகைத்துப்போய் ஒவ்வொரு காலாகப் பார்த்தாள். பிறகு முன்னால் வந்து என் பின்னால் நின்றாள். “உங்களுக்குமா?” என்று மெதுவாகக் கேட்டாள். நான் வலது காலைத் தூக்கி மிதியில் ஒரு தட்டுத் தட்டினேன்.

“இவ்வளவு பேரா” என்றாள். சீட்டில் போய் உட்கார்ந்தாள். அவள் இறங்க வேண்டிய இடம் வந்தது, இறங்கவில்லை. அதற்கடுத்த நிறுத்தத்திலும் இறங்கவில்லை. துறைமுகம் வரை வந்தாள், அங்கிருந்து திரும்பியும் வந்தாள். ஏறுகிறவர்கள் நடந்துபோவதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பார்க்கலாம் அவளிடம் இரண்டாம் டிக்கெட் கேட்கவில்லை.